தோமாசாவின் நெருப்பும் என் மொழிபெயர்ப்பும்

மொழிபெயர்ப்பு வேலையில் நீளமான சொற்கள் ஒருநாளும் உபத்திரவம் தருவதில்லை. ஆளைக் கவிழ்ப்பதெல்லாம் குட்டிச் சொற்கள்தான்.

டொக்டரின் அறையில் அம்மாவின் மூட்டுவலியையும், பெற்றோர் சந்திப்பில் உங்கள் குழப்படியையும் நீங்களே மொழிபெயர்த்துச் சொல்லி வளர்ந்தவர் என்றால், வாருங்கள், பக்கத்தில் இருங்கள். நாங்கள் ஒரே கட்சி. “உங்கள் மகள் வாயை மூடுவதே இல்லை” என்று வகுப்பாசிரியை டேனிஷில் சொன்னதை, “உங்கள் மகள் நன்றாகப் பங்குபற்றுகிறாள்” என்று தமிழில் சொன்னவள் நான். ஆசிரியையின் மூக்குக் குரலிலேயே சொன்னேன். அதனால் அம்மா நம்பிவிட்டார்.

எனக்குப் பதினேழு வயது. டென்மார்க்கில், பிராண்டே என்ற எங்கள் ஊரில், வயோதிபர் இல்லத்தில் அம்மாவோடு வேலை செய்பவர் தோமாசா. குவாத்தமாலா மலைநாட்டு மாயா இனப் பெண். கிழமை நாட்களில் கிழவர்களுக்குக் காலுறை மாட்டிவிடுவார். கோடை ஞாயிறுகளில், காட்டோரத்து வீட்டில், மாயா முன்னோரின் வழக்கங்களையும் சடங்குகளையும் ஒரு முழுநாள் சுற்றாக ஆட்களுக்குக் காட்டுவார். தன் ஊரில் அவர் நாள் கணிப்பவர், நெருப்போடு கதைப்பவர். போன கோடையில் அம்மா ஒரு வான் வண்டி நிறைய எங்கட ஆட்களைச் சேர்த்துவிட்டார். அவர்களின் டேனிஷ் தொழிற்சாலை டேனிஷ்: ‘தூக்கு, நிப்பாட்டு, நாளைக்கு லீவு’ வரைக்கும் போகும், அதற்கங்கால் போகாது. ஆகவே என்னை வேலைக்கு எடுத்தார்கள். என் கையில் ஒரு மைக். அவர்கள் காதில் ஆளுக்கொரு இயர்போன். தோமாசா டேனிஷில் சொல்லச் சொல்ல, நான் அவருடைய குரலிலேயே யாழ்ப்பாணத் தமிழில் சொல்லவேண்டும். பிறகு அந்த வேலைக்குப் பல தடவை போய்விட்டேன். ஆனால் இதெல்லாம் முதல் ஞாயிறு நடந்தவை.

வானுக்குள் ஒரு நிபந்தனை

வானில் எனக்குப் பக்கத்தில் பவானி மாமி இருந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, ஊரில் கடைசிச் சண்டையில் அவருடைய தம்பி காணாமல் போனவர். மாமி வீட்டுச் சுவரில் தம்பியின் படம் இருக்கிறது. மாலை இல்லை, பொட்டு இல்லை, விளக்கு இல்லை. அவரைப் பற்றிக் கதை வந்தால் பிராண்டே ஆட்கள் எல்லோரும் ‘இருக்கிறார்’, ‘இருந்தார்’ என்ற இரண்டையும் தொடாமல், ஈரச் சீமெந்தில் கால் வைக்காமல் போவதுபோல, சுற்றிக்கொண்டு போவார்கள்.

“பிள்ளை, நெருப்புக்கு முன்னால செத்தவையின்ர பேர் சொல்லச் சொல்லுவினமாம், உன்ர அம்மா சொன்னவ. அந்த நேரம் மட்டும் என்னை வானுக்குள்ள விட்டுப் பூட்டிப்போடு” என்றார் மாமி. “பிறகேன் மாமி வாறீங்கள்?” என்று கேட்டேன். அந்த மனுசி நெருப்பைப் பார்த்துச் சேதி சொல்லுமாம், அதற்குத்தான் வருகிறாராம். தம்பியைப் பற்றி ஏதாவது தெரியவராதா என்று. கேள்வி கேட்கவும் வேண்டும், பேரும் சொல்லக்கூடாது. இதை எப்படிச் செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, மாமி ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“செத்தவையோட சேத்து அவன்ர பேரை நான் சொன்னனெண்டா, அதோட அது முடிஞ்சுபோகும் பிள்ளை.”

காடு கேட்ட ஓம்

தோமாசா வாசலில் நின்றார். மேலே கையால் நெய்த சிவப்புச் சட்டை, கீழே ரப்பர் பூட்ஸ். எங்களுக்கு முன்பே நாலைந்து டேனிஷ்காரர் வந்திருந்தார்கள். காட்டுக்குள் போகமுன் காட்டிடம் உத்தரவு கேட்கவேண்டும் என்றார் தோமாசா. நான் தமிழில் சொன்னேன். எங்கட ஆட்கள் எல்லோரும் ஒருமித்து, “ஓம்” என்றார்கள். மரங்களுக்குத் தலை குனிவோமா? “ஓம், ஓம்.” மெதுவாக நடப்போமா? “ஓஓம்.”

மூன்றாவது ஓமுக்கு டேனிஷ்காரர் கண்ணை மூடிவிட்டார்கள். நாலாவதுக்குக் கை கூப்பி, அடிவயிற்றிலிருந்து “ஓம்ம்ம்ம்” என்று சேர்ந்துகொண்டார்கள். இவர்கள் ஏதோ கேட்கிறார்களாக்கும் என்று நினைத்து எங்கட செல்வம் மாமா மரியாதைக்குத் திரும்ப ஒரு “ஓம்” போட, அதற்கு அவர்கள் இன்னொன்று போட, அது ஓயவில்லை. ‘ஐயோ, அது வெறும் ஆமாம்தான்’ என்று சொல்லவேண்டியது என் தொழில் கடமை. நான் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பைன் மரங்களுக்குள் சத்தம் சுற்றிச் சுற்றிப் போய் மெல்ல அடங்கியபோது, காற்றும் நின்றுவிட்டது. சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. ஓய்வுபெற்ற டேனிஷ் ஆசிரியை கிர்ஸ்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“இத்தனை வருசமாக நான் யோகா வகுப்புக்குப் போகிறேன், மூச்சு விடுவதுபோல ஓம் சொல்லுகிற ஆட்களை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்!”

காதுக்குள் வந்த மனுசி

மத்தியானம் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து அரைத்த சோள மாவை உள்ளங்கைகளுக்குள் தட்டித் தட்டி, தோமாசா ரொட்டி சுட்டார். மனிதரைத் தெய்வங்கள் சோளத்தால்தான் செய்தன, ஆகவே நாங்கள் சாப்பிடுவது எங்களையே என்றார். அதைத் தமிழில் சொல்லும்போது எனக்கே ஒருமாதிரி இருந்தது. செல்வம் மாமாவுக்கு ஒரு மாதிரியும் இல்லை. காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், சீனி வியாதிக்காரர், மனைவி வீட்டில். ரொட்டியில் தேனை ஊற்றிக்கொண்டிருந்தார். கையில் மைக் இருக்கும்போது மனிதன் எவ்வளவு நேரம்தான் பொறுப்பான்? அவருடைய மனைவியின் குரலை எடுத்து, “இஞ்சேருங்கோ! சீனி எவ்வளவில நிக்குதெண்டு பாத்தனீங்களே?” என்று காதுக்குள் விட்டேன்.

ரொட்டி பறந்துபோய்ப் புல்லில் விழுந்தது. எல்லோரும் சிரிக்க, தோமாசா மட்டும் குனிந்து அதை எடுத்து, ஊதி, நெற்றியில் ஒற்றி, அதனிடம் தன் மொழியில் மெல்ல ஏதோ சொன்னார். சோளத்திடம் மன்னிப்புக் கேட்டாராம். விழுத்தினது செல்வம் மாமா, விழப்பண்ணினது நான், மன்னிப்புக் கேட்டது அவர். எனக்கு முகம் சுட்டது. செல்வம் மாமா இயர்போனைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வீட்டில விட்டிட்டு வந்தாலும் மனுசி புளூடூத்தில வந்திடுது!”

எந்தப் பிறந்தநாள்?

பிறந்த திகதியைச் சொன்னால், மாயாக் கணக்கில் அது எந்த நாள், அந்த நாளுக்குக் காவல் யார் என்று தோமாசா சொல்லுவார். புத்தகமும் இல்லை, போனும் இல்லை. கண்ணை மூடி, விரல் கணுக்களில் வருசக் கணக்காகப் பின்னால் போய், சட்டென்று ஓரிடத்தில் நிற்பார். அந்த நேரத்தில் அவருடைய முகத்தைப் பார்த்தால், காலம் ஒரு நீளமான வீடு, அதில் ஒவ்வொரு அறையையும் இவருக்குத் தெரியும் என்று தோன்றும்.

செல்வம் மாமாவின் முறை வந்தபோது அவர் என் காதுக்குள் குசுகுசுத்தார். ஊரில் பிறந்த திகதி ஒன்று. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் பாஸ்போர்ட்டில் போட்டுக் கொடுத்த திகதி வேறொன்று. எதைச் சொல்ல? நான் தோமாசாவிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு ஆளுக்கும் காவல் தேவைதானே, யாருக்கு முதலில் பார்க்க என்றுதான் கேட்டார். மாமா நன்றாக யோசித்தார்.

“பாஸ்போர்ட்டில இருக்கிறவனுக்கே பாக்கச் சொல்லு பிள்ளை, அவன்தான் இஞ்ச குளிருக்குள்ள வேலைக்குப் போனவன்.”

பிடிபடாத குரல்

பின்னேரம் நெருப்பு. தோமாசா தரையில் சீனியால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் பிசின் உருண்டைகளை அடுக்கினார். கிழக்கே சிவப்பு மெழுகுதிரி, மேற்கே கறுப்பு, வடக்கே வெள்ளை, தெற்கே மஞ்சள், நடுவில் நீலமும் பச்சையும். பவானி மாமி வான் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார். தோமாசா நெருப்பை மூட்ட, பிசின் உருகிப் புகை எழும்பியது. அசல் சாம்பிராணி வாசம். மாமி நின்றார். திரும்பிப் பார்த்தார். பிறகு வந்து, ஆட்கள் சுற்றி நின்ற வட்டத்தின் விளிம்பில், வெளியேயும் இல்லாமல் உள்ளேயும் இல்லாமல் நின்றுகொண்டார்.

தோமாசா தன் மொழியில் மாயாக் கணக்கின் நாட்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். “இது உனக்கில்லை, நெருப்புக்கு. மொழிபெயர்க்காதே” என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். எந்தக் குரலையும் ஒருதரம் கேட்டால் பிடித்துவிடுவேன்: அதிபர், ரயில் அறிவிப்பு, கோயில் ஐயர், எங்கள் வீட்டுக் குளிர்சாதனப்பெட்டி. இதைப் பிடிக்க முடியவில்லை. தொண்டைக்குள் சின்னத் தாழ்ப்பாள் ஒன்று பூட்டித் திறக்கிற சத்தம், அதற்குப் பின்னால் ஒரு மூச்சு. அவர் கூப்பிடக் கூப்பிட, நெருப்பு ஒரு பக்கம் சாய்ந்து, முறுக்கிக்கொண்டு, சுழன்று எழுந்தது. காற்றே இல்லை. நான் வாயை அசைத்து அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன். விக்கல் வந்துவிட்டது. தோமாசா நெருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் டேனிஷில் சொன்னார்.

“குரலைக் களவெடுக்கிறதெண்டா எடு மகளே, ஆனா நெருப்பு ஆளை அடையாளம் பிடிச்சிடும்.”

குட்டிச் சொல்

பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் மறைந்தவர்களின் பெயரைச் சொல்லி, சூரியன் மறைகிற பக்கத்தில் ஒரு கறுப்பு மெழுகுதிரி வைத்தார்கள். நான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். கிர்ஸ்டன் கணவரின் பெயரைச் சொன்னார். செல்வம் மாமா தகப்பனின் பெயரைச் சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளைபோல மூக்கைச் சீறினார். மாமியின் முறை வந்தது. தோமாசா கறுப்புத் திரியை நீட்டினார். மாமி வாங்கவில்லை. “எனக்கொரு தம்பி” என்றார். அவ்வளவுதான்.

தமிழில் அது முழு வசனம். வினைச்சொல் தேவையில்லை. டேனிஷ் அப்படி விடாது. ‘ஹார்’ போட்டால் தம்பி இருக்கிறார், ‘ஹேத’ போட்டால் தம்பி இருந்தார். இடையில் நிற்க இடமே இல்லை. இத்தனை வருசமாக மாமி போடாமல் காத்த சொல்லை இப்போது நான் போடவேண்டும். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் பிடித்து வைத்திருந்த குரல்களில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. கடைசியில் மாமியின் வசனத்தை அப்படியே தூக்கி டேனிஷில் வைத்தேன்: “எனக்கு. ஒரு தம்பி.” டேனிஷில் அது படுபிழை. கிர்ஸ்டன் திருத்த வாயைத் திறந்து, திரும்ப மூடிக்கொண்டார். தோமாசா மாமியையே பார்த்தார். அவருடைய ஊரிலும் சண்டை நடந்தது, அங்கேயும் ஆட்களைக் கொண்டுபோனார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். என்னுடைய அதே பிழையோடு அவர் டேனிஷில் சொன்னார்: “எனக்கும். ஒரு அண்ணன்.”

அதை நான் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. அவ்வளவு டேனிஷ் மாமிக்குத் தெரியும். “அப்ப நீங்கள் எந்தத் திரி வைக்கிறனீங்கள்?” என்று கேட்டார். கறுப்பு வைப்பதில்லை என்றார் தோமாசா. நடு என்பது வானத்தின் நெஞ்சும் பூமியின் நெஞ்சும், ஆள் எங்கே என்றாலும் அதற்குள்தான், ஆகவே நடுவில் வைப்பார். பச்சைத் திரி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மாமி வட்டத்துக்குள் வந்து அதை நடுவில் வைத்து, “வசீகரன்” என்றார். அந்தப் பெயரை நான் முதல்முறை கேட்டேன். பிராண்டேயில் அவர் ‘பவானியின்ர தம்பி’ மட்டும்தான். நெருப்பு என்ன சொல்லுகிறது என்று கேட்கச் சொன்னார் மாமி. தோமாசா நிறைய நேரம் பார்த்தார். “கூப்பிட்டது அவருக்குக் காதில் விழுந்ததாம்” என்றார். ஆள் எங்கே என்றும் சொல்லவில்லை, எப்படி என்றும் சொல்லவில்லை. மாமி தலையை ஆட்டினார். பிறகு, தோமாசா நெருப்புக்குத் தேனும் சொக்கிலேட்டும் படைக்கத் தொடங்க, என் கையைப் பிடித்து இழுத்தார்.

“அவனுக்கெண்டு கொஞ்சம் கூடப் போடச் சொல்லு பிள்ளை, அவன் பசி பொறுக்கமாட்டான்.”

அந்த வசனத்தை நான் டேனிஷில் நிகழ்காலத்தில்தான் சொன்னேன், பிழை என்று நினைக்கிற ஆசிரியர்கள் சிவப்புப் பேனையோடு பிராண்டேக்கு வந்து தோமாசாவின் நெருப்பிடம் முறையிட்டுக்கொள்ளலாம்.