வழுவழுப்பான கோடு

தொண்ணூறுகளின் நடுவில் திருவனந்தபுரத்தில் ஒரு கண் பரிசோதனைக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். படிப்பு பத்தாம் வகுப்புதான். நோயாளியின் தாடையைத் தாங்கியில் வைத்து, "சிவப்பு லைட்டு எங்க எரியுதோ அங்க மட்டும் பாருங்க" என்று சொல்வது என் வேலை. அதற்கு மேல் பேச எனக்கு வராது.

கொல்லயில் ஊர்ப் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள் கம்ப்யூட்டர் வகுப்பு முடித்துவிட்டு அங்கே வேலைக்கு வந்தாள். பாறசாலையிலிருந்து ஒரே ரயிலில் போவோம். போனதும் அவளுக்குச் சுழல் நாற்காலி. நான் நின்றுகொண்டே இருப்பேன்.

விளக்கு இடமும் வலமும் மாறி எரியும்போது கண் தாவும். அந்தத் தாவல் திரையில் படிக்கட்டுபோலக் கோடாக விழும். மின்சாரத்தின் நடுக்கமும் கருவியின் குறையும் சேர்ந்து கோடெங்கும் முள்முள்ளாக நிற்கும். முள்ளை எடுக்கக் கம்ப்யூட்டரில் பல பில்டர்கள் உண்டு. எதைப் போடுவது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பை டாக்டர் அவளிடம் கொடுத்தார்.

என் கண்ணை வைத்தே அவள் சோதித்தாள். அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கூட்டிச் சராசரி எடுக்கும் பில்டரைப் போட்டதும் கோடு எண்ணெய் தடவியதுபோல ஆனது.

"கொள்ளாம்" என்று பாராட்டினார் டாக்டர். ஆறு வருடத்தில் என்னிடம் அவர் அப்படிச் சொன்னதில்லை.

ஆனால் படிக்கட்டின் மூலைகள் மழுங்கிச் சரிவாகியிருந்தன. வெடுக்கென்று தாவிய என் கண், திரையில் மெல்ல மெல்ல ஏறியது.

"எடி, உனக்க கண்ணுக்கும் வெக்கமாக்கும்" என்று அவள் சிரித்தாள். டாக்டரும் சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் காரோடு என்ற ஊரிலிருந்து ஒரு பஸ் டிரைவர் வந்தார். அவர் கோடும் சரிவாகவே வந்தது. கண் மெதுவாக ஓடுகிறது, இப்போதைக்கு வண்டி எடுக்க வேண்டாம் என்றார் டாக்டர்.

"அக்கா, நான் நல்லாத்தானே பாத்தேன்?" என்று டிரைவர் என்னிடம் கேட்டார்.

நன்றாகத்தான் பார்த்தார். அவர் கண் தாவியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அவர் தலையைச் சுற்றிக் கட்டியிருந்த பெல்ட்டைக் கழற்றினேன்.

மாலை ரயிலில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளே சத்தமில்லாமல் திருத்திவிடுவாள். டாக்டர் முன்னால் அவள் முகம் சுருங்குவதை நான் பார்க்க வேண்டும். அதற்காக இரண்டு நாள் காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் டாக்டர் அறைக்குள் வந்ததும், "சாரே, கோடுதான் மெதுவு. கண்ணு இல்ல" என்றேன்.

அவள் முகம் சுருங்கவில்லை. டிரைவரின் பழைய முள் கோட்டை வரவழைத்து, வழுவழுப்பான கோட்டை அதன்மேல் வைத்துப் பார்த்தாள்.

"ஐயோ, நீ சொன்னது சரியாக்கும் மக்கா!"

உடனே வேறொரு பில்டரைப் போட்டாள். அது ஐந்து புள்ளிகளை உயரப்படி நிறுத்தி, நடுவில் நிற்பதை மட்டும் எடுக்கும். முள் போயிற்று, மூலை நின்றது.

"இவதான் கண்டுபிடிச்சா சாரே" என்று என்னைக் காட்டினாள்.

டாக்டர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மிடுக்கி" என்று அவளைத்தான் பாராட்டினார்.

டிரைவரை மறுபடி வரவழைத்தோம். இம்முறை படிக்கட்டு கூராக வந்தது. வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். டிரைவர் அவளைக் கும்பிட்டார்.

"என்னை இல்ல, இந்த அக்காவ கும்பிடுங்க" என்ற அவள் என்னிடம் திரும்பினாள். "எப்பம்டி பாத்த இத?"

"சாரிட்ட சொன்ன அண்ணைக்குக் காலையிலதான்" என்றேன்.

அவள் நம்பினாள். டிரைவர் என்னையும் கும்பிட்டார். வண்டியில்லாமல் அவர் வீட்டில் இருந்த நாட்கள் அப்போது என் நினைவுக்கு வரவில்லை. கும்பிடு முதலில் அவளுக்குப் போய்விட்டதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.