ஹைபிரிட்டுக்கு உறை தைத்தவர்

இரண்டு கைகளும் காரின் பின் இருக்கைக்குள் முழங்கை வரை புதைந்திருக்கின்றன. இடது கை அடியில் இருக்கும் கம்பியைத் தேடிப் பிடித்துக்கொள்ள, வலது கை ரெக்ஸின் ஓரத்தை இழுத்து அதில் மாட்டுகிறது. ஒரு கொக்கி, ஓர் இழுப்பு, உள்ளங்கையால் ஓர் அறை. சுருக்கம் ஓடிப்போகிறது. உதடுகளுக்கு இடையே வளைந்த ஊசி ஒன்று இருப்பதால் ஆள் பேசவில்லை. கிள்ளிப்பாலத்தில் அந்தக் கடைக்கு அக்கம்பக்கம் இருப்பவர்களுக்கு ஓய்வு கிடைப்பது அந்த ஊசியின் தயவில்தான்.

ஊசி வெளியே வந்ததும் பேச்சும் வெளியே வருகிறது. "பாத்தியளா சாரே? இனி இதுல ஒரு ஈ வந்து இருந்தாலும் வழுக்கி விழும்."

இவர் தாசையன். எல்லையோரக் களியக்காவிளைக்காரர். மலையாளத் தலைநகருக்கு வந்து, சாலைக் கம்போளம் என்ற கடைத்தெருவில் ஒரு சோபாக் கடையில் வேலை பழகி, பிறகு கிள்ளிப்பாலத்தில் தகரக் கூரை போட்டுச் சொந்தமாகக் கடை வைத்தவர். கார் இருக்கைகளுக்கு உறை தைப்பது தொழில். வாடிக்கையாளர்கள் 'மேசிரி', அதாவது மேஸ்திரி, என்று அழைக்கிறார்கள். கார் ஓட்டத் தெரியாது. முன் இருக்கைக்கு உறை மாட்டுவதாக இருந்தாலும் பின்கதவு வழியாகவே உள்ளே நுழைவார். ஸ்டியரிங்கைத் தொட்டால் வண்டி தானே கிளம்பிவிடும் என்று ஒரு சந்தேகம். இதனால் கார்களின் எதிர்காலம் குறித்து அவர் பேசுவதற்கு எந்தத் தடையும் ஏற்பட்டதில்லை.

தொண்ணூறுகளில் புதுப்புது மாடல்கள் இறங்கத் தொடங்கியபோது பத்திரிகைகள் குதிரைத்திறன் என்றும் மைலேஜ் என்றும் எழுதின. தாசையன் ஒவ்வொன்றின் பின் இருக்கையிலும் ஒருமுறை உட்கார்ந்து எழுந்து தீர்ப்புச் சொன்னார். "அம்பாசடரு வண்டியில்ல சாரே, உருளு வச்ச கட்டிலு." மாருதி எண்ணூறுக்கு: "ரெண்டு ஆளும் ஒரு சக்கப்பழமும்." பின்னால் வந்த முட்டை வடிவக் கார்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரி: "தலைக்கு எடம் உண்டு. கால வீட்டுல வச்சிட்டு வரணும்."

இந்த நகரத்தில் புதுக் கார் வாங்குகிறவர், கம்பெனி இருக்கையின் மேல் சுற்றி வந்த பிளாஸ்டிக் தாளைக் கிழிப்பதில்லை. அதன்மேல் தாசையனின் ரெக்ஸின். ரெக்ஸினில் முதுகு வியர்க்கிறது என்று அதன்மேல் ஒரு டர்க்கி டவல். டவல் நகராமல் இருக்க நாலு மூலையிலும் ஊக்கு. தான் வாங்கிய இருக்கை என்ன நிறம் என்பது உரிமையாளருக்குக் கடைசிவரை தெரியாது. அந்தக் காரைப் பழையதாக வாங்குகிற பாக்கியவான்தான் அதை முதன்முதலில் பார்ப்பான். தாசையன் வீட்டில் அடுப்பு எரிந்தது இந்தப் பழக்கத்தால்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு விற்பனைக்கூடங்களே உறை போட்டு வண்டியைக் கொடுக்கத் தொடங்கின. குளிரூட்டிய அறை, கையுறை போட்ட ஆட்கள், கம்பெனி முத்திரை. கிள்ளிப்பாலத்துக்குக் கார்கள் வருவது குறைந்தது. அப்போதுதான் 'ஹைபிரிட்' என்ற சொல் தாசையன் காதில் விழுந்தது. பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் ஒரே காரில். அவருக்கு விளங்கியது அவ்வளவுதான், அதுவே போதுமானதாகவும் இருந்தது. ஒரு ஹைபிரிட்டைக்கூடக் கண்ணால் காண்பதற்கு முன்பே 'ஹைபிரிட் ஸீட் ஸ்பெஷலிஸ்ட்' என்று மலையாளத்தில் பெரிய பலகை எழுதி மாட்டிவிட்டார்.

எதிரே ஆட்டோ நிறுத்தத்தில் இருக்கும் உச்சிமாகாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்: "அண்ணாச்சி, ஹைபிரிட்டுன்னா என்னது?"

"ஹைபிரிட்டு தெங்கு கண்டிட்டுண்டால? குட்டையா நிக்கும், நெறைய காய்க்கும். அதுதான் சங்கதி."

"அப்ப வண்டியில எளநி எறக்கலாமோ?"

"மொதல்ல ஒனக்க ஆட்டோல ஆள ஏத்துல. எளநிய பின்ன எறக்கலாம்."

ஆனால் பலகைக்குத் தகுந்த ஒரு வண்டி வந்தே ஆக வேண்டும். வந்துவிட்டால் விற்பனைக்கூடத்துக்காரன் தொடாத ஒரு வேலை தன் கையில் நிற்கும், கடை பிழைக்கும். வராவிட்டால் பலகையையும் கடையையும் சேர்த்துக் கழற்ற வேண்டியதுதான். இதைத் தாசையன் யாரிடமும் சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொன்னார்.

2008-இல் அந்த வண்டி வந்தது. கொண்டுவந்தவர் வலியசாலை அக்கிரகாரத்துக் கல்யாணராமன், ஓய்வுபெற்ற அதிகாரி. அவருடைய கார் ஓடும் தூரம் கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் இடைப்பட்டது. பூமி சூடாகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அமெரிக்காவில் இருக்கும் மகன் கிரிஷ் தொலைபேசி வழியாக அவரிடம் ஒப்படைத்திருந்தான். இந்த வண்டிக்கு உறை வேண்டாம் என்று விற்பனைக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "அவாளுக்குத் தைக்கத் தெரியலை, மேசிரி" என்றார்.

தாசையனுக்கு அதைவிட இனிய வாக்கியம் அந்த வருடம் கிடைத்திருக்காது.

"பிரேக் போட்டா பேட்டரி தன்னால சார்ஜ் ஆறது, தெரியுமோ?" என்று கல்யாணராமன் பெருமையாகச் சொன்னார்.

"அப்பிடியா? அப்ப கெழக்கேகோட்டை நெரிசல் வழியா தெனமும் ரெண்டு நட போங்க சாரே. மிச்சக் கரண்ட போர்டுக்கு விக்கலாம்."

அளவு எடுக்கும்போது, பின் இருக்கையின் பக்கவாட்டில் சீப்புப் பல்லைப் போலக் கீறல் விட்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு விரலில் தட்டுப்பட்டது. தாசையன் அதில் காதை வைத்துப் பார்த்தார். "ஸ்பீக்கரு."

கல்யாணராமன் குனிந்து பார்த்து ஆமோதித்தார். "ஆமாம், பின்னாடி ஆடியோ நன்னா இருக்கும்னு கிரிஷ் சொன்னான். ஆனா அங்கே என் ஆத்துக்காரி விஜயம் உக்காருவா. பாட்டு அவ இடுப்புல இடிக்கப்டாது."

"ஸ்பாஞ்சு ஒரு துண்டு கூடுதலா வச்சு மூடிரலாம். அம்மைக்கு மெத்துன்னு இருக்கும்."

கார் ஓட்டுகிற ஒருவரும் கார் ஓட்டத் தெரியாத ஒருவரும் சேர்ந்து, ஒரு நிமிடத்தில், கருத்து வேறுபாடு இல்லாமல் எடுத்த முடிவு அது. கூடவே வந்த கையேட்டை யாரும் திறக்கவில்லை. அதுவும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது.

மறுவாரம் கணவனும் மனைவியும் பொன்முடிக்குக் கிளம்பினார்கள். மலையடிவாரத்துக் கல்லாறு வரை வண்டி பூனை நடப்பதைப் போலப் போனது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் முன்பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது, அதற்கு மேலே சிவப்பு. மோட்டார் ஒதுங்கிக்கொள்ள, என்ஜின் தனியாக முனகிப் பார்த்துவிட்டு அடங்கியது. எதிர்காலம் தேயிலைச் செடிகளுக்கு ஓரமாக நின்றுவிட்டது. தோட்டத்துப் பழைய டீசல் ஜீப் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு வந்து இருவரையும் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே ஏற்றி இறக்கிவிட்டது. காரைக் கம்பெனி லாரி சுமந்து வந்தது.

உறையைத் தூக்கிப் பார்த்த கம்பெனி என்ஜினியர் சிரிக்கவில்லை என்பதைப் பாராட்ட வேண்டும். அந்தத் தட்டு ஸ்பீக்கர் இல்லை. பின்னால் இருக்கும் பெரிய பேட்டரி அந்த வழியாகத்தான் காற்றை இழுத்துச் சூடு தணித்துக்கொள்கிறது. ரெக்ஸினும் ஸ்பாஞ்சும் அதன் மூக்கைப் பொத்தியிருந்தன. இனியும் அதை மூடினால் தாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லி அனுப்பினார்.

கார் கிள்ளிப்பாலத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே செய்தி ஆட்டோ நிறுத்தத்துக்கு வந்துவிட்டது. "அண்ணாச்சி, ஹைபிரிட்டுக்கு மூச்சு முட்டிப் போச்சாமே? பலகைக்கு ஒரு மாலை வாங்கியாரட்டா?" என்றார் உச்சிமாகாளி. தாசையன் தைக்க ஒன்றும் இல்லாத நேரத்திலும் ஊசியை உதட்டிலேயே வைத்திருந்தார்.

கல்யாணராமன் இம்முறை மனைவியுடன் வந்தார். "மேசிரி, எல்லாத்தையும் பிரிச்சு எடுத்துடுங்கோ. ஸீட் அப்படியே இருந்துட்டுப் போறது." சொல்லும்போதே வெறும் இருக்கையுடன் அக்கிரகாரத்துக்குள் நுழைவதை அவர் மனக்கண்ணில் பார்த்துவிட்டார்.

தாசையன் ஊசியை எடுத்தார். "மொட்டையாட்டு கொண்டு போவியளா சாரே? எனக்க கவரு இல்லாம இந்த வண்டி இவிடுந்து போச்சுன்னா, நான் கடைய பூட்டிட்டு களியக்காவெளைக்கு பஸ் ஏற வேண்டியதுதான்."

விஜயம் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அவ்விடத்துல மட்டும் வெட்டி விட்டாப் போறாதா?"

"எம்மா, எனக்க கவருல ஓட்டையா? ஓட்ட விழுந்தா அது கவரு இல்ல, சாக்கு."

"கழுத்து வெட்டாம ரவிக்கை தைப்பாளோ? தலையை எங்க விடறது?"

எதிர் நிறுத்தத்தில் யாரோ சிரித்தார்கள். விஜயம் சிரிக்கவில்லை, உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அதன் பொருள், வேலை முடியும்வரை போவதாக இல்லை என்பது.

கைகள் மறுபடி இருக்கைக்குள் போயின. சாக்கட்டியால் கோடு போட்டார், அழித்தார், சற்று உள்ளே தள்ளி மறுபடி போட்டார். பிளேடை வைத்தபின் கொஞ்ச நேரம் இழுக்கவில்லை. பிறகு நான்கு பக்கமும் ஒரே இழுப்பில் வந்தது. வெட்டிய ஓரத்தை உள்ளே மடித்து, பைப்பிங் வைத்து, மெஷினில் கொடுக்காமல் கையாலேயே தைத்தார். மூலைகளில் தையல் நெருக்கமாக விழுந்தது. வாசலில் ஒரு சட்டம் மாட்டியதைப் போல அந்தத் துவாரம் பார்க்க லட்சணமாகவே இருந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஒரு நூல் இழையைக் கீறல்களுக்கு முன்னால் பிடித்தார். நூல் உள்பக்கமாக வளைந்து ஒட்டிக்கொண்டது. "இழுக்குது" என்றார், குறை சொல்லும் குரலில்.

வண்டி நின்றதும் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, இருக்கையைத் துடைத்துவிட்டு வெளியே வந்தார். கல்யாணராமன் சாவிக்காகக் கை நீட்டினார். சாவியோடு, பழைய செய்தித்தாளில் மடித்து நூல் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலத்தையும் தாசையன் அந்தக் கையில் வைத்தார்.

"இது என்ன?"

"வெட்டின துண்டு. நாளைக்கி கம்பெனிக்காரனுக்கு புத்தி வந்து அந்த ஓட்டைய அடைச்சான்னா கொண்டு வாங்க. வெட்டினதே தெரியாம தச்சுத் தாறேன்."

கல்யாணராமன் அதைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். தாசையன் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பொட்டலத்தின் மேல் மூடிவிட்டார்.