கன்னியப்பன் மாமாவின் மகன்

தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் கரியை ஊதிவிடும்போது எழும் புகை, விழுப்புரம் ரயிலடிக்குப் பின்னால் இருந்த, இன்று தடமே இல்லாமல் போன எங்கள் லைன் வீடுகளுக்கு என்னை இழுத்துப் போய்விடுகிறது. கன்னியப்பன் மாமா கூட்ஸ் வண்டியில் கரி திருடுவார் என்பது அறுபதுகளில் அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தக் கரியில்தான் பத்து வீட்டு அடுப்பும் எரிந்தது, பகலில் எந்த வீட்டுக் கதவையும் யாரும் சாத்தியதில்லை.

எனக்குப் பத்து வயது. அம்மா கடலை மண்டிக்கு மல்லாட்டை உடைக்கப் போயிருந்த ஒரு மத்தியானம், மாமாவின் மகன் சேகர் உள்ளே வந்தான். எங்கள் வீட்டில் சோறு தின்று வளர்ந்தவன் என்பதால் அவனைப் பார்த்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கழுத்தில் கத்தியை வைத்து, "கம்மல கழட்டு, ஜல்தி" என்றான். இரண்டு கையாலும் திருகியும் திருகாணி கழலவே இல்லை. அவன் இழுத்த இழுப்பில் காது கிழிந்தது.

சாயங்காலம் மாமா வீடு வீடாகப் போனார். எங்கள் வாசலில் நின்று, அம்மா முகத்தைப் பார்க்காமல், "கதவ சாத்திக்கினு இரு தங்கச்சி. எம் பையன் கூப்பிட்டா தொறக்காத" என்றார். திரும்பிப் போனவர், நின்று, பயந்த குரலில் சொன்னார்:

"நான் கூப்பிட்டாலும் தொறக்காத. என்னிய முன்னால நிறுத்திக்கினு வருவான் அவன்."