இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய பட்டன்

எட்டாவது வரை படித்தவள் நான். மார்க்க விஷயத்தில் நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். அதைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு மார்க்கம் படித்த ஆலிம்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். போய்வந்த வழியைத்தான் எழுத உட்கார்ந்தேன். நடுவில் நடந்த பேச்சை விட மனம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை 8.10. மணவாள நகரிலிருந்து நடந்தே திருவள்ளூர் ஸ்டேஷன். கும்மிடிப்பூண்டிக்கு டிக்கெட் இருபது ரூபாய். பேசின் பிரிட்ஜில் வண்டி மாற வேண்டும். கையில் தம்பி அன்வருக்காக இறால் தொக்கு. அவன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறான். "தொழுகையை விட்டுட்டேன், நம்பிக்கை போச்சு, இனிமே ஊட்டுக்கு வர மாட்டேன்" என்று போனில் சொல்லி ஒரு மாதமாகிறது. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவனை அழைத்துவரத்தான் இந்தப் பயணம்.

10.00. இரண்டாவது வண்டியில் பக்கத்தில் இருந்த, பொன்னேரிக்குப் போகும் ஓர் அம்மா, டப்பாவின் வாசனை பிடித்துவிட்டார்.

"யாருக்கும்மா, மாப்பிள்ளைக்கா?"

"தம்பிக்கு. கோவிச்சிக்கினு இருக்கான்."

"யார் மேல?"

"அல்லா மேல" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். "நான் பெருமாளோட பேசி மூணு வருஷமாவுது. வெளக்கு மட்டும் ஏத்திடுவேன்."

11.20. கும்மிடிப்பூண்டி. ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். வழியெல்லாம் லாரிகள், இந்தி பேசும் பையன்கள், காய்ந்த இரும்பின் வாடை. அன்வருக்கு இந்த வாரம் இரவு ஷிப்ட், அறையில்தான் இருந்தான். நான் உட்காருமுன் ஆரம்பித்துவிட்டான்.

"பள்ளிவாசல் ஹஸ்ரத்தாண்ட கேட்டேன்கா. எல்லாம் தக்தீர், அல்லா எழுதினதுன்னாரு. அவனே எழுதிட்டு அவனே தண்டிப்பானா? செல்வம் வேற சாமி கும்பிடறவன். விரலும் போச்சு, நாளைக்கி நரகமும் அவனுக்கா? அஞ்சு வேளை தொழுத எனக்கு சொர்க்கமா? இன்னா நியாயம் இது?"

செல்வம் இவனோடு வேலை செய்பவன். போன மாதம் பிரஸ்ஸில் அவனுக்கு இரண்டு விரல் போய்விட்டது. மெஷின் எப்படி ஓடும் என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கம் ரெண்டு பட்டன். ரெண்டு கையாலயும் சேர்த்து அழுத்தினாத்தான் பிரஸ் எறங்கும். கை உள்ள மாட்டவே மாட்டாது."

"அப்போ விரல் எப்படிப் போச்சு?"

தரையைப் பார்த்தான். "பீஸ் வேகமா ஓடணும்னு ஒரு பட்டனை அமுக்கி டேப் போட்டுருவோம். செல்வமே போட்டுக்கினான்னு கம்பெனில எழுதிட்டாங்க." டப்பா மூடியைத் திருகிக்கொண்டே, "போட்டது நான்கா. ஷிப்ட் முடிஞ்சி பிரிக்க மறந்துட்டேன். அவன் அடுத்த ஷிப்ட். டேப் இருக்கறது அவனுக்குத் தெரியாது, ஒரு கை உள்ள இருக்கும்போதே இன்னொரு கை பட்டன்ல பட்டுடிச்சி" என்றான்.

"டேப் போடும்போது யாராச்சும் உன் கையைப் புடிச்சாங்களா?"

"இல்ல."

"இப்போ யாராச்சும் உன் வாயைப் பொத்தறாங்களா?"

"வேலை போயிடும்கா."

"அல்லா இன்னா எழுதியிருக்கான்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. செல்வத்துக்கு மறுமையில இன்னான்னு முடிவு பண்றது அல்லா. அல்லாவைவிட உனக்கு இரக்கம் ஜாஸ்தியா? ஆனா இன்னிக்கி செல்வம் மேல கெடக்கற பழி நீ எடுக்க வேண்டியது. அத ஏன்டா அல்லா மேல தள்ற?"

"அல்லாவே இல்லன்றேன், நீ வேற."

"இல்லாத ஆளோட ஒரு மாசமா இன்னாடா சண்டை?"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுதான். தொக்கை வழித்துச் சாப்பிட்டான். ஆனால் என்னோடு கிளம்பவில்லை.

3.40. திரும்பும் வண்டி. கவரைப்பேட்டை தாண்டியதும் வயல் தெரிந்தது. எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அல்லாவின் நாட்டம் என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். தம்பி அதில் அடங்காமல் கேட்டான். அது கெட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அவனை அழைத்துவர முடியவில்லை. டப்பாவைக் கழுவித் தந்திருந்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஷிப்ட் முடிந்ததும் அன்வர் ஆபீசுக்குப் போய், டேப் போட்டது தான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அங்கிருந்து செல்வம் வீட்டுக்குப் போனதாகப் போனில் சொன்னான். ஜும்ஆத் தொழுகைக்குப் போனானா என்று நான் கேட்கவில்லை.