அடைபடாத கடைசிக் கிணறு

“…இறுகிட்டுது எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு நான் போய்த் தேர் பாக்கலாம், அத்தான். ஆனா வாயு கீழ கிடந்து தள்ளிக்கொண்டெல்லோ இருக்கும்!” என்றாள் மச்சாள், என் மனைவியின் தங்கை. முருகன் கோயில் கார் தரிப்பிடத்தில், எங்கள் வான் வண்டிக்குள், பட்டுச் சேலையோடு மடியில் கணினியை வைத்துக்கொண்டிருந்தாள். மேளச் சத்தத்துக்காகக் கண்ணாடிகளை ஏற்றியிருந்தோம். உள்ளே வேர்த்து ஊற்றியது.

கடலடியில் இருக்கும் பழைய எரிவாயுக் கிடங்குகள் ஒழுங்காக மூடப்பட்டனவா என்று சரிபார்ப்பது அவளுடைய வேலை. மொன்ட்ரியால் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி விற்கிற எனக்கு அது முதலில் பிடிபடவேயில்லை. பெரிய சிலிண்டர் ஒன்றைக் கடலுக்குள் தாட்டு வைத்திருக்கிறார்களாக்கும் என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். “தாங்கி இல்லை அத்தான், கல்லு! கடல் தரைக்கும் கீழ, கண்ணுக்குத் தெரியாத துளையள் நிறைஞ்ச கல்லு. கோடையில வாயுவை அதுக்குள்ள அமத்தி விடுவினம், குளிருக்கு எடுப்பினம்.” ஒரு தேசத்து வீடுகளின் குளிர்காலச் சூடு, இருண்ட கடலுக்கடியில் கல்லுக்குள் மூச்சடக்கிக் கிடக்கிறதா! மொன்ட்ரியால் குளிரில் ஹீற்றரைத் திருப்பும் கையை இன்றைக்கும் அந்தக் கல் ஒரு கணம் நிறுத்திவிடும்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் அவள் அப்போது பார்த்துவந்த கிடங்கின் குழாய்களை உப்பு தின்றுவிட்டது. வாயு ஏறியிறங்கும் கிணறுகளை ஒவ்வொன்றாகச் சீமெந்தால் அடைத்து வந்தார்கள். அடைத்தபின் அழுத்தம் காட்டும் முள்ளைக் கணினியில் பார்த்தபடி காத்திருக்க வேண்டுமாம். முள் அசையாமல் நின்றால்தான் மச்சாள் ‘மூடியாச்சு’ என்பாள். அவள் சொல்லாமல் அங்கே எதுவும் மூடியதாகாது. கடைசிக் கிணற்றில் முள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது; வாயு இன்னும் கசிகிறது என்று அர்த்தமாம்.

மறுநாளோ, கிடங்கை மூடிவிட்டோம் என்று அந்த நாட்டு அமைச்சர் அறிவிக்க இருந்தார். கணினித் திரையில் கொம்பனி மேலாளர், இவ்வளவு சின்ன ஏற்றம்தானே, சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த வேலைக்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டிவரும் என்றார். அதே கூட்டத்தில் இருந்த துறைமுகத்துத் தொழிலாளர் தலைவர் உடனே பாய்ந்தார். மூடுகிற வேலையைச் சொல்லி மாதக்கணக்காக அவளைத் திட்டி வந்தவர் அவர். பார்த்தீர்களா, மூடவே வேண்டாம், குளிருக்கு வாயு வேண்டும், எங்களுக்கு வேலை வேண்டும் என்றார். அந்தக் குழாய்களை நம்பி இன்னொரு குளிர்காலத்தைத் தாண்ட விடமாட்டேன் என்று அவருக்கும் சொன்னாள் மச்சாள். இரண்டு பக்கத்தாரும் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யோசித்துச் சொல்லுங்கள் என்று மேலாளர் சற்று நேரம் கொடுத்தார். அந்த இடைவெளியில்தான், ஒரு சொல்லுச் சொல்லிவிட்டுத் தேர் பார்க்கப் போகலாம் என்று என்னிடம் சொன்னாள்.

மனைவி வந்து கண்ணாடியில் தட்டினாள். “தேர் வெளிக்கிடுது! முருகனை விடப் பெரிய ஆளோடி உன்ர கிணறு?”

“முருகன் பொறுப்பார் அக்கா. அது பொறுக்காது.”

நான் அவளைச் சின்னப் பிள்ளையிலிருந்தே அறிவேன். அந்தக் கணம் பக்கத்தில் இருந்தது எனக்குத் தெரியாத ஆள் போலிருந்தது. ஒரு அரசாங்கம் காத்திருக்கிறது, இவள் நெற்றி வேர்வையைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டு, கண்ணில் படாத ஒரு கல்லின் பக்கம் நிற்கிறாள்.

திரும்பவும் கூட்டத்துக்குள் போனாள். “மூடவில்லை,” என்றாள், ஆங்கிலத்தில், மன்னிப்பு ஒன்றும் கேட்காமல். மேலாளரின் முகம் திரையிலிருந்து மறைந்தது. பிறகு ஃபோனை எடுத்தாள். தன்னைத் திட்டிய அந்தத் தலைவரையே அழைத்து, அடைத்த சீமெந்தைக் குடைந்தெடுத்து மறுபடி அடைப்பதற்கு அவருடைய ஆட்களைக் கேட்டாள்.