கப்பல் வராத நாவல்கள்

ஒரு நாவல் எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். நிலா வந்தால் மூடிவிடுவேன். பிணம் வந்தால் சோறு வேண்டாம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகியவனுக்கு இவ்வளவு ரசனை போதும்.

என் சித்தியின் கணக்கு வேறு. அவளுக்கு எழுத்துத் தெரியாது. காரைக்காலிலிருந்து அப்பா இரவல் வாங்கி வரும் நாவல்களை, விழிதியூர் வீட்டுக் கூடத்தில் மத்தியான வேளைகளில் நான்தான் படித்துக் காட்டுவேன். கொலை, களவு, மாமியார் கொடுமை எல்லாவற்றையும் அரிசியில் கல் பொறுக்கியபடி கேட்பாள். கதையில் யாராவது கப்பலேறினால் மட்டும், “போதும்டா, மூடு” என்பாள். அந்தப் புத்தகத்தை அப்புறம் திறக்கக் கூடாது.

சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குக் கப்பலேறியிருந்தார். ஒரு வருஷமாகத் தகவல் இல்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்பது வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த நேரம் வேறு.

பாதியில் மூடிய நாவல்கள் அப்படியே காரைக்காலுக்குத் திரும்பிப் போயின. எனக்கு வயிற்றெரிச்சல். அந்தச் சமயத்தில்தான் அருமையான பேய் நாவல் ஒன்று வந்தது. மூன்றாவது அத்தியாயத்தில் கதாநாயகன் கப்பலேறிவிட்டான். விட எனக்கு மனமில்லை. கப்பலை மாட்டு வண்டியாக்கிவிட்டேன். நடுக்கடல் திருநள்ளாறு ரோடானது. புயல் அடித்த இடத்தில் மாடு மிரண்டது. கப்பல் பாயை இறக்கிய இடத்தில் வண்டிக்காரன் தலைப்பாகையை அவிழ்த்தான்.

“என்னடா, வண்டி ஒரு வாரமா போவுது? காசிக்கா போறான்?” என்றாள் சித்தி.

“மாடு கிழடு சித்தி.”

“படிக்கிறதும் ஒரு மாடுதான். மேல படி.”

பக்கத்தின் கடைசி வரியில் கப்பல் கவிழ்ந்து கதாநாயகன் மூழ்கினான். மாட்டு வண்டியில் போகிறவனை எப்படி மூழ்கடிப்பது? திணறினேன். கல் பொறுக்கிய கை நின்றது.

“முழுகிட்டாரா?” என்றாள்.

அந்த வரியை விரலால் மறைத்தேன்.

“இப்ப வருவாரு பாரு. ஈரத்தோட வந்து கொல்லை வாசல்ல நிப்பாரு. உள்ள வாங்கன்னு யாராச்சும் கூப்புடணும். இல்லாட்டி நின்னுகிட்டே இருப்பாரு.”

பக்கத்தைப் புரட்டினேன். கதாநாயகன் நீர் சொட்டச் சொட்டத் தன் வீட்டுப் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தான். யாரும் அவனை உள்ளே அழைக்கவில்லை என்று அச்சடித்திருந்தது.

“இந்தக் கதைய ஒனக்கு யாரு சித்தி சொன்னா?”

“கதையில என்னடா இருக்கு. நாந்தான் தெனம் பாக்குறேனே.”

எழுந்து போய்க் கொல்லைக் கதவை அகலத் திறந்தாள். வெளியே வெறும் வெயில். கிணற்றடியில் ஒரு காக்கைகூட இல்லை. “உள்ள வாங்க” என்றாள், விருந்தாளியிடம் சொல்வதைப்போல. பிறகு ஓர் ஆளுக்கு வழி விடுகிற அளவு ஒதுங்கி நின்றாள். புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். நானாகப் பாதியில் விட்ட பேய் நாவல் அது ஒன்றுதான்.

நான் உளறியதைக் கேட்டு, சாயங்காலம் அப்பா விசிறிக் காம்பை என் முதுகில் முறித்தார்.

“அவகிட்ட யார்றா சொன்னது?”

“கப்பல நாந்தாம்பா வண்டியாக்குனேன்!”

அதற்கும் இரண்டு விழுந்தது. சித்தப்பா படகு கவிழ்ந்து ஆற்றோடு போன செய்தி, மேரி என்று நாங்கள் சொல்லும் முனிசிபல் ஆபீசிலிருந்து முந்தின மாதமே அப்பாவுக்கு வந்திருந்தது. தீட்டு வந்து கல்யாணம் நின்றுவிடக் கூடாதென்று அப்பாவும் அம்மாவும் மூடி வைத்திருந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது பல வருஷம் கழித்து. அன்றைக்குத் தெரிந்தது முதுகு எரிந்தது மட்டும்.

சித்தி அப்பாவிடம் நேரே பேச மாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று அம்மாவிடம் சொன்னாள்: “புள்ளைய அடிக்க வேணாம்னு சொல்லுங்கக்கா. கல்யாணம் நல்லபடியா முடியட்டும். அதுவரைக்கும் எனக்கும் ஒண்ணும் தெரியாது.”

அம்மா ஏன் வாயைப் பொத்திக்கொண்டாள் என்று எனக்குப் புரியவில்லை.

கல்யாணத்தன்று சித்தி தலை நிறையப் பூ வைத்து, வந்தவர்களையெல்லாம் சிரித்தபடி வரவேற்றாள். அவ்வளவு பூவோடு அவளை நான் பார்த்ததே இல்லை. தாலித் தட்டு ஒவ்வொரு பெண்ணாகத் தொட்டுக் கும்பிட வந்தபோது மட்டும், இரண்டு கைகளையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு தலையாலேயே அடுத்தவளைக் காட்டினாள். கை ஈரமாக இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.