பேஸ் பெட்டிக்குப் பொட்டு

மூன்று வருஷம் ஒரே மேடையில் நின்று பாடியும், லாரன்ஸ் அண்ணா என்ன வாசிக்கிறார் என்று எனக்குத் தெரியாது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய? முறையாகப் பாட்டுப் படித்துவிட்டு, கல்யாண ரிசப்ஷன்களில் சினிமாப் பாட்டுப் பாட வந்தவள் நான். மயிலாப்பூர்க்காரி, கோபம் மூக்கு நுனியில். சுருதி சேர்ந்தால் சரி, பின்னால் யார் எதைத் தட்டினால் எனக்கென்ன என்று இருந்தவள். நாலே தந்தி போட்ட நீளமான கிட்டார் ஒன்றை மாட்டிக்கொண்டு அந்த மனிதர் ஓரமாக நின்று தலையாட்டுவார். அது பேஸ் கிட்டார், பாட்டின் அடித்தொனி முழுக்க அதில்தான் இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒருநாள் காய்ச்சல் என்று அவர் வரவில்லை. அன்றைக்குப் பாடும்போது, ஒரு கால் குட்டையான ஸ்டூல்மேல் ஏறி நிற்பதுபோல இருந்தது எனக்கு. எல்லாரும் சரியாகத்தான் வாசித்தார்கள், ஆனால் எதுவும் நிற்கவில்லை. மறுவாரம் அவரிடமே கேட்டுவிட்டேன்.

"லாரன்ஸ் அண்ணா, நீங்க என்ன வாசிக்கறேள்?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார். "மூணு வருசம் கழிச்சு கேக்குறீங்களே சிஸ்டர், அதுவே பெருசு" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு அந்த மனிதரைக் கவனிக்கிற வியாதி பிடித்துக்கொண்டது. வயது நாற்பத்தைந்து. பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடி. பகலில் அடையாறில் ஒரு மருந்துக் கம்பெனி கோடவுனில் வேலை. பல்லவன் பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் கம்பியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். "இந்த பஸ் ஜி நோட்டுல ஓடுது சிஸ்டர். நேத்து வந்தது எஃப்" என்பார். தண்ணீர்த் தொட்டி, இரும்பு கேட், பால் பூத்தின் ஃபிரிட்ஜ், எதையும் விடமாட்டார், தொட்டுப் பார்ப்பார். பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும்.

அவருடைய சொத்து அந்தப் பெட்டி. கிட்டாரின் சத்தத்தைப் பெரிதாக்குகிற ஆம்ப்ளிஃபயரும் பதினைந்து இன்ச் ஸ்பீக்கரும் ஒன்றாக அடங்கிய பெட்டி. வெளிநாட்டுச் சரக்கெல்லாம் கோடம்பாக்கம் ஸ்டுடியோக்களில் கண்ணால் பார்ப்பதோடு சரி. உள்ளிருக்கும் சர்க்யூட்டை ரிச்சி தெருவில் பாகம் பாகமாகப் பொறுக்கி அவரே சால்டர் வைத்து ஒட்டினார். ஸ்பீக்கர், இழுத்து மூடிய ஒரு சினிமாக் கொட்டகையிலிருந்து வந்தது. முன்பக்கத்தை மூடும் கறுப்புத் துணியை அவர் மனைவி ஜோதிலட்சுமி தைத்து, கழற்றி மாட்ட வசதியாகப் பிரஸ் பட்டன் வைத்திருந்தாள். அவள் தையல்காரி. இவர் சாந்தோம் சர்ச்சுக்குப் போவார், அவள் மாரியம்மன் கோவிலுக்குப் போவாள். இதுவரைக்கும் அதனால் சண்டை வந்ததில்லை.

பெட்டி பார்க்க லட்சணம்தான், சத்தம்தான் சகிக்காது. மேல் தந்திகள் பரவாயில்லை. கீழே போகப் போக 'டொக் டொக்' என்று காய்ந்துபோய் வரும். அண்ணா செய்யாத வைத்தியம் கிடையாது. இலவம் பஞ்சுத் தலையணையைப் பிரித்து உள்ளே திணித்தார். செங்கல்மேல் ஏற்றினார். சுவரோரம் தள்ளினார், மூலையில் வைத்தார், மூலையில் வைத்தால் ஏன் பெரிதாகக் கேட்கிறது என்று என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும்?

தொண்ணூற்றாறாம் வருஷம் ஐப்பசி பிறந்த சமயம். எங்கள் குழுவை நடத்தும் வேம்பு மாமாவுக்கு ராஜா அண்ணாமலைபுரத்தில் வீடு, கார் ஷெட்டில்தான் ஒத்திகை. அன்று பாதியில் நிறுத்திவிட்டார்.

"லாரன்ஸ், கோச்சுக்காதேயும். உம்ம பெட்டிலேர்ந்து வர்றது வாத்தியமா, இல்ல பக்கத்தாத்துக் கதவை யாராவது தட்டறாளான்னே நேக்குப் புரியலை. ஷ்ரவண் புதுக் கீபோர்டு வாங்கிண்டு வந்திருக்கான். இடது கையால பேஸ், வலது கையால மத்ததெல்லாம். வேனில இடமும் மிச்சம். அடுத்த ஞாயித்துக்கிழமை தி.நகர்ல ரிசப்ஷன். நான் கடைசி வரிசைல உக்காந்து கேக்கப் போறேன். நன்னா இருந்தா நீர் இருக்கீர். இல்லேன்னா அதோட சரி."

ஷ்ரவண் பாவம், கல்லூரி முடித்த பையன், கீபோர்டைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான். லாரன்ஸ் அண்ணா "சார், எந்த நோட்டுல கதவு தட்ற மாதிரி இருந்திச்சு?" என்று கேட்டாரே பார்க்கலாம்!

"இது வேற கேள்வியா உமக்கு!" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போது அண்ணா கம்பியைத் தொடவில்லை. "கோடவுன் வேலை வயித்துக்கு சிஸ்டர். இதுவும் போச்சுன்னா நான் ஆருன்னு எனக்கே தெரியாது" என்றார். நான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கு அழுகை வந்தால் கோபம்தான் முதலில் வரும்.

ரிசப்ஷனுக்கு ஒரு வாரம் முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஆயுத பூஜை. மத்தியானம் எங்காத்துப் போன் அடித்தது. பூத்திலிருந்து அண்ணா கத்துகிறார்.

"சிஸ்டர், கெடச்சிடுச்சு! கீழ் நோட்டு வந்திடுச்சு! கீழ்வீட்டு சுப்பம்மா, இன்னாடா லாரன்சு, கட்டடத்த இடிக்கிறாங்களான்னு ஓடியாந்துச்சு!"

முந்தின நாள் பெட்டியின் இடுக்குகளை எம்-சீல் வைத்து அடைத்திருந்தார். அதுதான் வேலை செய்கிறது என்று நினைத்துவிட்டார். நானும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் ஆள் எங்கள் வாசலில் நிற்கிறார். நாலு நாள் தாடி. நடந்தது இதுதான். ஞாயிறு காலை அவர் பூசைக்குச் சர்ச்சுக்குப் போயிருந்தபோது, ஜோதி தையல் மெஷின், சைக்கிள், மிக்ஸி, அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருக்கிறாள். பெட்டிக்கும் வைத்திருக்கிறாள். மரத்தில் அல்ல, பிரஸ் பட்டனைக் கழற்றி, துணியை விலக்கி, ஸ்பீக்கரின் நடுவில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே குங்குமம். வைத்துவிட்டுத் துணியை மூடிவிட்டாள். சாயங்காலம் எம்-சீலைப் பார்க்க இவர் துணியைத் திறந்தார். திறந்தவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருக்கிறார். ஸ்பீக்கர் காகிதம், ஈரம் பட்டால் கிழியும், சாமியாவது பூதமாவது என்று கத்தி, ஸ்பூனால் மொத்தச் சந்தனத்தையும் சுரண்டி எடுத்துவிட்டார்.

"மறுநாள் வாசிச்சேன் சிஸ்டர். பழையபடி டொக் டொக். அப்பகூட நம்பல. நேத்துதான் உறைச்சுது. நானே சந்தனம் வாங்கியாந்து வெச்சுப் பாத்தேன். கொஞ்சமா வெச்சா ஒண்ணுமில்ல, நெறைய வெச்சா கொழகொழன்னு கீது. எம்மாம் வெச்சேன்னு கேட்டா, அவ வாயே தொறக்கல. மூணு நாளாச்சு. நீங்க வந்து கேளுங்களேன்."

கூடத்தில் என் அண்ணா சுந்தரராமன் அன்றைய கச்சேரிக்கு மிருதங்கத்தைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தான். ரவையைத் தண்ணீரில் பிசைந்து, இடது பக்கத் தோலின் நடுவில் அடை மாதிரி தட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டவன், ஓவென்று சிரித்தான்.

"ஓய், இதுக்குப் போயா இந்தப் பாடு? நான் இப்போ என்ன பண்ணிண்டிருக்கேன்? இந்த ரவை இல்லேன்னா இடந்தலை தகரம் மாதிரி சத்தம் போடும். பாரம் ஏறினாத்தான் சத்தம் கீழ இறங்கும். உம்ம ஸ்பீக்கர் கொட்டகைல வசனம் பேசின ஸ்பீக்கர், அதுக்கு எங்கேர்ந்து பாரம்? உம்ம ஆத்துக்காரி சரியாத்தான் போட்டிருக்கா."

பிறந்ததிலிருந்து தினமும் இந்த ரவையைப் பார்க்கிறேன். எனக்கு ஒரு நாளாவது தோன்றியதா? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். லாரன்ஸ் அண்ணா தரையில் உட்கார்ந்து அந்த மிருதங்கத்தையே பார்த்தார். "சார், எத்தனை கிராம் ரவை?" என்றார்.

"கிராமா? கைதான் கணக்கு. போடுவேன், தட்டிப் பார்ப்பேன், மறுபடி போடுவேன்."

மறுநாள் பட்டினப்பாக்கம் போனேன். ஜோதி மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். லாரன்ஸ் அண்ணா வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார், உள்ளே வரத் தைரியம் இல்லை.

"எவ்வளவு வெச்சேன்னு மட்டும் சொல்லிடேன் ஜோதி" என்றேன்.

"எட போட்டு யாராச்சும் பொட்டு வெப்பாங்களாக்கா?" மெஷினை நிறுத்தினாள். "வருசா வருசம் மரத்துமேலதான் வெப்பேன். இந்த வாட்டி அவரு சோறு எறங்காம கெடந்தாரு, எனக்கு மனசு கேக்கல. மூஞ்சில வெக்காம முதுகுல வெச்சா சாமிக்கு எப்பிடித் தெரியும்? துணிய எடுத்துட்டுப் பாத்தா, நடுவுல மேடா நெத்தி மாதிரி கீது. ஆத்தா, இந்த மனுசனைக் கைவுட்றாதன்னு வேண்டிகினு தாராளமா அப்பினேன். அதப் போயி ஸ்பூனால சொரண்றாரே, என் நெத்திலேர்ந்து சொரண்டுன மாதிரி இருந்திச்சுக்கா."

எனக்குச் சுருக்கென்றது. திரும்பி வாசலைப் பார்த்து, "உள்ள வாங்கோ" என்று ஒரு அதட்டல் போட்டேன். வந்தார்.

"தப்புதான் ஜோதி."

"எது தப்பு?"

"சொரண்டினது."

"அப்பறம்?"

"கத்தினது."

"அப்பறம்?"

"சாமிய சொன்னது" என்றார் மெதுவாக.

அவள் எழுந்து போய்ச் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தாள்.

பெட்டிக்கு எதிரே அவள் சம்மணம் போட்டு உட்கார, இவர் அடித் தந்தியைத் தட்டினார். ஒரு விரல் வைத்தாள். தட்டினார். இன்னொரு விரல். இவர் போதும் என்றார், அவள் போதாது என்றாள். மூன்றாவது விரலை வைத்து அவர் தட்டியதும், என் உள்ளங்காலில் தரை குறுகுறுத்தது. அலமாரியில் டம்ளர்கள் நடுங்கின.

"இப்ப போதும்" என்றாள் ஜோதி.

"எப்பிடித் தெரியும்?" லாரன்ஸ் அண்ணாவின் கண்ணெல்லாம் கேள்வி.

"வயித்துல தெரியுது. நேரா இங்க வந்து நிக்குது."

அவர் கிட்டாரை அவள் கையில் கொடுத்துத் தட்டச் சொல்லிவிட்டு, அவள் இடத்தில் உட்கார்ந்து தன் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். இத்தனை வருஷம் ஊரிலுள்ள கம்பியையெல்லாம் தொட்டவர், இந்தப் பெண்ணை ஒரு நாளும் கேட்டதில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ரிசப்ஷன் அன்று பெட்டிக்குப் புதுச் சந்தனம் வைத்துவிட்டு, ஜோதியும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள், முதல் தடவையாக. வேம்பு மாமா சொன்னபடி கடைசி வரிசையில். முதல் மூன்று பாட்டும் ஜம்மென்று இருந்தது. எனக்குக் கீழே யாரோ நல்ல பலகையாகப் போட்டுக் கொடுத்ததுபோல நின்று பாடினேன்.

நாலாவது பாட்டில் வந்தது வினை. மாப்பிள்ளைக்கு வேர்க்கிறது என்று யாரோ பெரிய ஸ்டாண்டு ஃபேனை மேடைக்குத் திருப்பிவிட்டார்கள். காற்று நேராகப் பெட்டியில். பத்து நிமிஷத்தில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்க வேண்டும். பெட்டிக்குள் சரசரவென்று ஒரு சத்தம், பிறகு என்னவோ பொத்தென்று விழுந்தது. அவ்வளவுதான், பழையபடி டொக் டொக். லாரன்ஸ் அண்ணாவின் முகம் வெளுத்துவிட்டது. ஷ்ரவணின் இடது கை தானாகக் கீழ்க்கட்டைகளுக்குப் போய் பேஸ் வாசிக்க ஆரம்பித்தது. குற்றம் சொல்ல முடியாது, பாட்டு விழக்கூடாதே. கடைசி வரிசையில் மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜோதி எழுந்தாள். வாசலை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். பார்க்கப் பொறுக்காமல் போகிறாள் என்று நினைத்தேன். வாசலில் பன்னீர்ச் செம்பு, கல்கண்டுத் தட்டு, சந்தனக் கிண்ணம் வைத்த மேஜை. வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுக்க நின்ற பெண் 'எடுத்துக்கோங்கோ' என்று கிண்ணத்தை நீட்ட, இவள் கையை விட்டுப் பாதியை அள்ளிக்கொண்டாள். அந்தப் பெண் வாயைப் பிளந்தபடி நிற்க, அள்ளிய கையோடு இத்தனை ஜனத்துக்கு நடுவில் நேராக மேடை ஏறினாள்.

நான் பல்லவியை விடவில்லை, திருப்பித் திருப்பிப் பாடினேன். ஜோதி பட்டனைக் கழற்றித் துணியை விலக்கி, ஒரு விரல் சந்தனம் வைத்தாள். அண்ணா தட்டினார். இன்னொரு விரல். மற்றக் கையைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள், இல்லை என்று. இன்னொரு விரல். மாப்பிள்ளையின் அத்தை இது ஏதோ வாத்தியத்துக்குப் பூஜை என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஜோதி மறுபடி வயிற்றில் கை வைத்தாள். இந்தத் தடவை ஆமாம் என்று தலையசைத்தாள்.

மண்டபம் முழுக்க அது வந்து நின்றது. ஆனாலும் ஷ்ரவணின் கையும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் கலந்து, எது யாருடையது என்று சொல்ல முடியவில்லை.

வேம்பு மாமா எழுந்து நாற்காலிகளுக்கு நடுவில் நடந்து மேடை அருகே வந்தார்.

"ஷ்ரவண், இடது கையை எடுடா. அவர் வாசிக்கறதைக் கேக்கணும்."

ஷ்ரவண் கையை எடுத்தான். லாரன்ஸ் அண்ணா தனியாக வாசித்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டுகிறது, ஒரு தாளம் தப்பவில்லை. மாமா பாட்டு முடிகிறவரை அங்கேயே நின்றார். பிறகு, சந்தனக் கையோடு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜோதியிடம் குனிந்து, "வர்ற வெள்ளிக்கிழமை அடையாறுல கச்சேரி. வேன் நாலு மணிக்கு வரும். உனக்கும் சேர்த்துத்தாம்மா இடம் சொல்லப் போறேன்" என்றார்.